பெல்லட் கணப்படுப்பு: எரிபொருளும் காற்றும் வெப்பமும்

பெல்லட் கணப்படுப்பு என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரித்து அறையைச் சூடாக்கும் கருவி. இந்த உருளைகளே பெல்லட் எனப்படுகின்றன. இது சமையலுக்கான அடுப்பு அன்று. குளிர்நாடுகளில் குளிர்காலம் முழுவதும் வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கப் பயன்படுவது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்த இந்த அடுப்பு பின்னர் ஐரோப்பாவில் பெருமளவு பரவியது. இன்று ஐரோப்பாவில் பெல்லட் அடுப்புகள் மிக அதிகமாக உள்ள நாடு இத்தாலி.

இந்த அடுப்பில் வீட்டார் மாற்றி அமைக்கக்கூடியவை மூன்று: மணிக்கு எவ்வளவு பெல்லட் விழ வேண்டும், தீக்கு எவ்வளவு காற்று செல்ல வேண்டும், அறை எந்த அளவு சூடாக வேண்டும். ஒரே அளவு மூட்டை ஒரு வீட்டில் ஒரு நாளுக்கு வருவதும், இன்னொரு வீட்டில் சில மணி நேரத்தில் தீர்வதும் இம்மூன்றைப் பொறுத்தது. எரிபொருளின் அளவே செலவைத் தீர்மானிக்கிறது என்று பொதுவாக எண்ணப்படுகிறது. இந்த அடுப்பின் வரலாற்றைப் பார்த்தால், காற்றின் அளவுக்கும் அதற்கு இணையான பங்கு இருப்பது தெரியும். காற்றை அளந்து விடும் பொறுப்பு மனிதர் கையிலிருந்து பொறிக்கும், பொறியிலிருந்து உணரிக்கும் மாறிய கதையே பெல்லட் அடுப்பின் வரலாறு.

கட்டை அடுப்பும் காற்றுத் தகடும்

திறந்த கணப்பில் விறகு எரியும்போது, எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்று புகைபோக்கி வழியாக மேலே செல்கிறது. அறையின் சூடான காற்றும் அதனுடன் வெளியேறுகிறது. இந்த வீணைக் குறைக்கவே பெஞ்சமின் பிராங்கிளின் 1740களில் பென்சில்வேனியாவில் இரும்புத் தகடுகளால் ஆன கணப்பை வடிவமைத்தார். 1744ல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை தர ஆளுநர் முன்வந்தபோது அவர் ஏற்க மறுத்துவிட்டார். 1790களில் ரம்ஃபோர்டு பிரபு புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கி, கணப்பின் ஆழத்தையும் குறைத்தார். குறைந்த காற்றில் அதிக வெப்பத்தை அறைக்குள் வரச் செய்வதே இரண்டு முயற்சிகளின் நோக்கமும்.

பின்னாளில் வந்த மூடிய இரும்பு அடுப்புகளில் காற்றுத் தகடு என்னும் சிறு கதவு இருந்தது. அதைத் திறந்தால் தீ வளரும், மூடினால் தணியும். கட்டை அடுப்பில் ஒருமுறை இட்ட விறகைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் காற்று ஒன்றே வழியாக இருந்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால், ஏறத்தாழ 3 டாலராக இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. எண்ணெயால் வீட்டைச் சூடாக்கி வந்த அமெரிக்கக் குடும்பங்கள் பல மீண்டும் விறகுக்குத் திரும்பின. இரவில் விறகு விடியும்வரை தாங்க வேண்டும் என்பதற்காக, படுக்கப் போகுமுன் காற்றுத் தகட்டை முழுவதும் மூடிவிடுவது வழக்கமானது. காற்று இல்லாத விறகு கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்தது. எரியாத வாயுக்கள் புகைபோக்கியில் தாராகப் படிந்தன. எஞ்சியவை தெருவில் பரவின. மொன்டானாவின் மிசூலா, ஓரிகனின் மெட்ஃபோர்டு போன்ற பள்ளத்தாக்கு நகரங்களில் குளிர்காலப் புகைமூட்டம் பெரும் சிக்கலாயிற்று. 1983ல் ஓரிகன் மாநிலம் விறகு அடுப்புகளுக்குச் சான்றிதழ் கோரும் சட்டத்தை இயற்றியது. எரிபொருளைச் சேமிக்க எண்ணிக் காற்றை அடைத்ததால், எரிபொருளில் ஒரு பகுதி புகையாகவே வீணானது.

மரத்தூளிலிருந்து பெல்லட்

இதே வடமேற்கு மாநிலங்கள் மரம் அறுக்கும் ஆலைகளுக்குப் பெயர் பெற்றவை. ஆலைகளில் மலையாகக் குவிந்த மரத்தூளைக் கூம்பு வடிவப் பெரிய உலைகளில் இட்டு எரித்து அழிப்பதே நெடுநாள் வழக்கம். 1970ன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு இவ்வுலைகள் படிப்படியாக மூடப்பட்டன. மரத்தூளுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

மரத்தூளை அழுத்தி எரிபொருளாக்கும் எண்ணம் புதிதன்று. 1930களிலேயே ஐடாஹோவின் லூயிஸ்டன் நகரில் மரத்தூளைக் கட்டைகளாக அழுத்தி விற்றனர். 1970களில் ஓரிகனில் ரூடால்ஃப் குன்னர்மன், கால்நடைத் தீவன உருண்டைகளைச் செய்யும் முறையை ஒத்த ஒரு முறையில் மரக்கழிவைச் சிறு உருளைகளாக்கி, 1977ல் காப்புரிமை பெற்றார். அவை முதலில் ஆலைக் கொதிகலன்களுக்கே பயன்பட்டன.

பெல்லட் செய்யப் பசை தேவையில்லை. உலர்ந்த மரத்தூளைத் துளையுள்ள எஃகு அச்சின் வழியே மிகுந்த அழுத்தத்தில் தள்ளும்போது எழும் சூட்டில், மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் இளகி, ஆறியதும் தூளைப் பிணைத்துக்கொள்கிறது. பொதுவாக 6 மி.மீ. விட்டம் கொண்ட இந்த உருளைகளில் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராக இருக்கலாம். அந்த நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகிவிடும். ஒரு கிலோ நல்ல பெல்லட்டில் ஏறத்தாழ 4.8 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு.

இவற்றைவிட முக்கியமான பண்பு ஒன்று உண்டு. பெல்லட்டுகள் ஒரே அளவானவை, தானியம்போல் வழிந்தோடுபவை. அதனால் அவற்றை அளந்து ஊட்ட ஒரு பொறியால் முடியும். விறகுக் கட்டையில் இது இயலாது.

வீட்டுக்குள் வந்த அடுப்பு

சியாட்டில் பகுதியில் போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்ட், 1980களின் தொடக்கத்தில் இந்தப் பண்பைப் பயன்படுத்தி வீட்டுக்கு ஏற்ற பெல்லட் அடுப்பை உருவாக்கினார். அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட அந்த அடுப்பு, அதன் பின் வந்த பல அடுப்புகளுக்கு முன்மாதிரியாயிற்று.

அடுப்பின் அமைப்பு எளிது. மேலே பெல்லட் கொட்டும் தொட்டி. அதன் அடியில், மோட்டாரால் சுழலும் திருகு. திருகு சுழலும்போது பெல்லட்டுகள் சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் விழும். துளைகள் உள்ள அந்தக் கிண்ணத்தின் வழியே ஒரு விசிறி காற்றை இழுத்துத் தீயை வளர்த்து, புகையை வெளியேற்றும். இன்னொரு விசிறி, சூடான உலோகக் குழாய்களைச் சுற்றி அறைக் காற்றை ஓட்டி வெப்பத்தை அறைக்குள் தள்ளும்.

கட்டை அடுப்பில் ஒரே கதவால் நடந்த வேலை இங்கே இரண்டாகப் பிரிந்தது. எரிபொருளைக் குறைக்க ஓர் அமைப்பு. காற்றைக் குறைக்க இன்னோர் அமைப்பு. தீயைத் தணிக்கக் காற்றை அடைக்க வேண்டியதில்லை. பெல்லட்டைக் குறைத்தால் போதும். குறைந்த சூட்டிலும் புகையின்றி எரியக் காரணம் இதுவே. ஆனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வைக்க வேண்டிய பொறுப்பும் இதனுடன் வந்தது. மேலும் திருகும் விசிறிகளும் மின்சாரத்தை நம்பியவை. அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டின்படி, வழக்கமான பயன்பாட்டில் மாதம் ஏறத்தாழ 100 யூனிட் மின்சாரம் செலவாகிறது. மின்தடை ஏற்பட்டால் பெரும்பாலான பெல்லட் அடுப்புகள் நின்றுவிடும்.

அமைப்புகள் செலவை மாற்றும் விதம்

முதலாவது, ஊட்டும் அளவு. பல அடுப்புகளில் இது 1 முதல் 5 வரையிலான படிகளாக இருக்கும். பொதுவாகப் படி உயரும்போது திருகு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் விநாடிகள் சுழலும். மணிக்கு 0.6 கிலோ எரித்தால் 15 கிலோ மூட்டை 25 மணி நேரம் வரும். மணிக்கு 2 கிலோ எரித்தால் அதே மூட்டை ஏழரை மணி நேரத்தில் தீரும். அடுப்பின் திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், முதல் நிலையில் அறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2.3 கிலோவாட்; இரண்டாவதில் 7.7 கிலோவாட். படியின் எண் ஒன்றாக இருந்தாலும் விழும் அளவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நீளமான பெல்லட்டுகள் திருகில் இடைவெளி விட்டுத் தங்குவதால் குறைவாக விழும். குட்டையானவை அதிகமாக விழும். மூட்டை மாறியதும் தீ மாறுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, எரிகாற்று. ஒரு கிலோ உலர்ந்த மரம் முழுவதும் எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று தேவை. நடைமுறையில் காற்றும் எரிவாயுவும் முற்றிலும் கலப்பதில்லை என்பதால், இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு காற்று விடப்படுகிறது. காற்று குறைந்தால் சுடர் நீண்டு, மந்தமாகி, நுனி கறுக்கும். கண்ணாடியில் கரி படியும். காற்று மிகுந்தால் சுடர் குட்டையாகிச் சீறும். எரியாத துணுக்குகள் கிண்ணத்திலிருந்து பறக்கும். கண்ணுக்குத் தெரியாத இழப்பு அதைவிடப் பெரிது: தேவைக்கு மேற்பட்ட காற்றும் சூடாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். புகை, அறையைவிட 180 பாகை அதிகச் சூட்டில் வெளியேறுவதாகக் கொள்வோம். எரிபொருளின் எடையைப்போல் 12 மடங்கு காற்று விட்டால், பெல்லட்டின் ஆற்றலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு புகையோடு போகும். 35 மடங்கு காற்று விட்டால், அதே சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். உண்மையில் காற்று கூடும்போது புகையின் சூடு சற்றுக் குறையும் என்பதால் இழப்பும் சற்றுக் குறையலாம். ஆயினும் போக்கு இதுவே.

மூன்றாவது, அறை வெப்பநிலை. சுவர் வழியே வெளியேறும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 0 பாகையும் உள்ளே 22 பாகையும் இருக்கும்போது, இலக்கை 20 ஆகக் குறைத்தால் வெப்பத் தேவை ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். ஆனால் அடுப்பு அடிக்கடி அணைந்து மீண்டும் பற்றினால், ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும் கம்பிக்கு மின்சாரம் செலவாகும். பற்றும் நிமிடங்களில் புகையும் அதிகம். ஆகவே மிதமான குளிரில் குறைந்த படியில் தொடர்ந்து எரியவிடுவது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

இவற்றுடன் சாம்பலையும் சேர்க்க வேண்டும். எரிகிண்ணத்தின் துளைகள் சாம்பலால் அடைபட்டால், விசிறியை எந்த அளவில் வைத்தாலும் தீக்குக் காற்று சேராது. வெப்பக் குழாய்களில் சாம்பல் படிந்தால், சூடு அறைக்கு வராமல் புகையோடு போகும். சுத்தம் செய்வதும் ஓர் அமைப்பு மாற்றத்துக்குச் சமம்.

35க்கு 1: ஒரு சட்டத்தின் எதிர்பாராத விளைவு

காற்றின் அளவு சட்டத்திலும் இடம்பெற்றது. விறகுப் புகையைக் கட்டுப்படுத்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988ல் நாடு முழுவதற்கும் விதிகள் வெளியிட்டது. எவை விறகு அடுப்பு, எவை அல்ல என்று வகுக்க வேண்டியிருந்தது. திறந்த கணப்புகளில் காற்று மிக அதிகமாகச் செல்லும் என்பதால், எரிபொருளின் எடையைப்போல் சராசரியாக 35 மடங்கோ அதற்கு மேலோ காற்று செல்லும் கருவிகள் விதியின் எல்லைக்கு வெளியே விடப்பட்டன.

இந்த எல்லை பெல்லட் அடுப்புகளுக்கும் பொருந்தியது. காற்றைக் கூட்டி 35 மடங்கைத் தாண்டும்படி அமைத்துவிட்டால், அந்த அடுப்புக்குச் சோதனையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். இவ்வாறு விலக்குப் பெற்ற பெல்லட் அடுப்புகள் பல சந்தைக்கு வந்தன. விளைவு அதே முகமையின் தொகுப்பு நூலில் பதிவாகியுள்ளது. சான்றிதழ் பெற்ற பெல்லட் அடுப்பின் திறன் 68 விழுக்காடு. விலக்குப் பெற்றதன் திறன் 56 விழுக்காடு. ஒரு டன் பெல்லட்டுக்கு வெளியாகும் நுண்துகள் முன்னதில் ஏறத்தாழ 2.1 கிலோ, பின்னதில் 4.4 கிலோ.

இதை வீட்டுச் செலவாக மாற்றிப் பார்க்கலாம். 68 விழுக்காட்டு அடுப்பில் ஒரு குளிர்காலத்துக்கு 100 மூட்டை போதுமானால், 56 விழுக்காட்டு அடுப்பில் அதே வெப்பத்துக்கு 121 மூட்டை வேண்டும். அந்த 21 மூட்டைகளையும் வாங்கியவர், விலக்கைப் பற்றி அறியாத வீட்டுக்காரரே. புகையைக் குறைக்க வந்த விதியின் எல்லைக்கோடு, புகையும் செலவும் மிகுந்த அடுப்புகளுக்கு இடம் தந்துவிட்டது. இந்த வழி 27 ஆண்டுகள் திறந்திருந்தது. 2015ல் விதி திருத்தப்பட்டபோது பெல்லட் அடுப்புகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. முதலில் மணிக்கு 4.5 கிராம் நுண்துகள், 2020 மே முதல் 2 கிராம் என்று வரம்பு வகுக்கப்பட்டது.

ஐரோப்பாவும் உணரிகளும்

சுவீடனின் மோரா நகரில் 1982லேயே பெல்லட் ஆலை தொடங்கப்பட்டது. 1991ல் அந்நாடு விதித்த கார்பன் வரி எண்ணெயின் விலையை உயர்த்தியதால் பெல்லட்டுக்குச் சந்தை விரிந்தது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பெல்லட் கொதிகலன்களும், இத்தாலியில் அடுப்புகளும் பரவின.

ஐரோப்பியர் முதலில் கவனம் செலுத்தியது எரிபொருளின் தரத்தில். ஈரம், சாம்பல், விட்டம், நீளம் ஆகியவற்றுக்கு வரம்பு வகுத்து, 2014ல் உலகத் தர நிர்ணயமும் வந்தது. அதன்படி முதல் தரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எரிபொருள் ஒரே சீராக இருந்தால்தான் அமைப்புகளுக்குப் பொருள் உண்டு என்பதே இதன் அடிப்படை.

அடுத்தது உணரி. கார்களின் புகையில் எஞ்சிய ஆக்சிஜனை அளக்க 1970களில் வந்த லாம்டா உணரி, பின்னர் கொதிகலன்களிலும் சில அடுப்புகளிலும் பொருத்தப்பட்டது. புகையில் ஆக்சிஜன் கூடினால் காற்று மிகை. குறைந்தால் காற்றுப் பற்றாக்குறை. அதற்கேற்ப விசிறியும் திருகும் தாமாகவே மாறும். கண்ணால் சுடரைப் பார்த்து மனிதர் செய்த வேலையை உணரி ஏற்றுக்கொண்டது. 2022 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் பெல்லட் அடுப்புகளுக்குப் பருவகாலத் திறன் குறைந்தது 79 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் திறன் கூடியதால் விலைக்கு அஞ்ச வேண்டாம் என்றாகிவிடவில்லை. 2006ல் ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளில் பெல்லட் விலை தட்டுப்பாட்டால் கடுமையாக ஏறியது. 2022ல் உக்ரைன் போரை அடுத்து ரஷ்ய மரப் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பல நாடுகளில் விலை இரு மடங்கையும் தாண்டியது. 2023ல் இத்தாலி பெல்லட் மீதான மதிப்புக்கூட்டு வரியை 22 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்தது.

இந்தியாவில் பெல்லட் அடுப்பு

இந்தியாவில் பெல்லட் அடுப்பு வந்தது வீட்டைச் சூடாக்க அன்று, சமைக்க. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு உருவான ஊர்ஜா அடுப்பை, பிபி நிறுவனம் 2006 முதல் விற்றது. 2009ல் இது ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனத்தின் கைக்கு மாறியது. பயிர்க் கழிவுகளிலிருந்து செய்த பெல்லட்டை இது எரித்தது; விற்பனை முக்கியமாக மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நடந்தது.

இதில் திருகு கிடையாது. பெல்லட்டை ஒரேயடியாக நிரப்பி மேலிருந்து பற்றவைக்க வேண்டும். மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறியின் வேகத்தைக் கூட்டினால் தீ வளரும், பெல்லட்டும் விரைவில் தீரும். குறைத்தால் இரண்டும் குறையும். பழைய கட்டை அடுப்பைப்போல இங்கும் காற்று ஒன்றே அமைப்பு. வேறுபாடு என்னவெனில், கீழிருந்து வரும் காற்று பெல்லட்டை வாயுவாக்க, மேலே துளைகள் வழியே வரும் காற்று அந்த வாயுவை எரித்துவிடும். ஆகவே தணித்தாலும் கட்டை அடுப்புபோல் புகைவதில்லை.

4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்ஜா அடுப்புகள் வீடுகளுக்கு விற்பனையாயின. பின்னர் அவ்விரு மாநிலங்களிலும் 998 வீடுகளில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, வாங்கியவர்களில் 9 விழுக்காட்டினரே அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தனர். பயிர்க் கழிவைக் குறைந்த விலையில் தொடர்ந்து பெற முடியாததால், சமையல் எரிவாயுவைவிட மலிவு என்று சொல்லும்படி பெல்லட்டை விற்க இயலாமல் போனதே முக்கியக் காரணம். அடுப்பு நன்றாக எரிந்தும், எரிபொருள் கட்டுப்படியாகவில்லை.

முடிவுரை

பிராங்கிளின் காலம் முதல் லாம்டா உணரி வரை, கணப்பின் வரலாறு ஒரே கேள்வியைச் சுற்றி வந்துள்ளது: ஒரு பிடி எரிபொருளுக்கு எவ்வளவு காற்று? குறைவாக விட்டபோது நகரங்கள் புகையில் மூழ்கின. மிகுதியாக விட்டபோது வீட்டார் பணத்தைப் புகைக்குழாய் வழியே வெளியே விட்டனர். பெல்லட் அடுப்பு இந்த அளவைத் துல்லியமாக்க வழி தந்தது. ஆனால் துல்லியம் தானாக வந்துவிடவில்லை. சீரான பெல்லட், சரியான அமைப்பு, சுத்தமான கிண்ணம், ஓட்டையில்லாத சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தபோதே அது கிடைத்தது. இவை அனைத்தும் இருந்தும் பெல்லட்டின் விலை எட்டாததாகிவிட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்பதை ஊர்ஜாவின் அனுபவம் காட்டுகிறது.